அத்தையைப் பற்றி ஒரு வாக்கியம்

ஆறாம் வகுப்பில் எங்கள் ஆங்கில டீச்சர் வாரம் பத்து வார்த்தை கொடுப்பார். அர்த்தம் எழுதி, சொந்தமாக வாக்கியமும் எழுத வேண்டும். அந்த வாரம் ஏழாவது வார்த்தை 'எக்ஸாஜரேட்'. உள்ளதை மிகைப்படுத்திச் சொல்வது என்று விளக்கிவிட்டு, "உங்க வீட்டுலயே அப்படி யாராச்சும் இருப்பாங்க, அவங்களை வெச்சே எழுதுங்க" என்றார். எனக்கு யோசிக்கத் தேவையே இருக்கவில்லை.

என் அத்தை, அப்பாவின் தங்கை, கடுகை மலையாக்குவதில் கெட்டிக்காரி. உடுமலைப்பேட்டையில் வாக்கப்பட்டவள். அவள் தென்னந்தோப்பில் பார்த்த சாரைப்பாம்பு ஒவ்வொரு முறை சொல்லும்போதும் ஒரு முழம் வளரும். காரமடைத் தேர்க்கூட்டத்தில் சிக்கிய கதையில் மூன்று தடவையாவது செத்துப் பிழைப்பாள். எனக்கு அவளை அவ்வளவு பிடிக்கும்.

அந்த வாரம் அத்தை சொல்லாமல் கொள்ளாமல் ஒரு துணிப்பையோடு பீளமேட்டில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். அப்பா மில்லிலிருந்து வந்து உட்கார்ந்ததும், "இனி அந்த ஊட்டுக்குப் போகமாட்டேனுங்ணா. அவரு என்னைக் கொன்னுபோடுவாருங்க" என்றாள். மாமா எங்களிடம் ஒரு நாளும் அதிர்ந்து பேசியதில்லை. அப்பா சிரித்துவிட்டார்.

"நீ என்னிக்குமே ஒண்ணுன்னா ஒம்போதுன்னு சொல்றவதானே அம்மணி."

மறுநாள் காலையில் அத்தை எனக்குத் தலை பின்னிவிட்டாள். கண்ணாடியில் பார்த்தேன், அவள் சேலைத் தலைப்பு விலகியிருந்தது. கழுத்தோரம் நான்கு விரல்களின் தடம் பதிந்து கன்றிப்போயிருந்தது. நான் பார்த்ததை அவளும் பார்த்தாள். ரிப்பனைக் கட்டிவிட்டாள். நான் பள்ளிக்கூடம் போய் அந்த வாக்கியத்தை எழுதினேன்.

டீச்சர் சிவப்பு மையில் 'குட்' போட்டு நட்சத்திரமும் வரைந்திருந்தார். சாயங்காலம் எல்லோர் முன்னாலும் உரக்க வாசித்தேன்: "மை ஆன்ட் ஆல்வேஸ் எக்ஸாஜரேட்ஸ்." அர்த்தம் சொன்னதும் அப்பா தொடையில் தட்டிச் சிரித்தார். ரெண்டு நாள் இருக்கட்டுமே என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்த அம்மாவும் சிரித்துவிட்டாள். அத்தை நோட்டை வாங்கி அந்த வரியைப் பார்த்தாள். பிறகு எங்கள் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தாள். "நல்லாத்தான் எழுதியிருக்கே கண்ணு" என்றாள்.

விடிந்ததும் அவளாகவே பையை எடுத்துக்கொண்டாள். அப்பா உக்கடத்தில் பஸ் ஏற்றிவிட்டு வந்தார்.

அதன்பின் போனில் பாம்பும் வரவில்லை, தேரும் வரவில்லை. "படியில வழுக்கிப்போட்டேனுங்ணா. லேசாத்தான். பெருசா ஒண்ணுமில்லீங்க." தங்கைக்கு இப்போதுதான் பொறுப்பு வந்திருக்கிறது என்று அப்பா சந்தோஷப்பட்டார்.

பொங்கல் கழிந்து ஒரு காலையில் செய்தி வந்தது. கால் தவறிக் கிணற்றில் விழுந்துவிட்டாள் என்றார்கள். துக்கத்துக்குப் போன இடத்தில் அவள் கழுத்தில் இருந்த தடத்தைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசவில்லை. அப்பாவும் பேசவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் காரில் தன் இரண்டு கைகளையும் பார்த்தபடியே வந்தார்.

முழுப் பரீட்சையில் அதே வார்த்தை வந்தது. அதே வாக்கியத்தை எழுதி முழு மதிப்பெண் வாங்கினேன். அன்று அத்தை ஏன் அவ்வளவு சிரித்தாள் என்று எனக்கு அப்போது புரியவில்லை. கண்ணாடியில் பார்த்ததை நானாவது சொல்லுவேன் என்று, அந்த நோட்டை நான் பிரிக்கும்வரை அவள் காத்திருந்தாள் என்பதும் புரியவில்லை.