அஞ்சு பேர் போதும் என்றது நான்தான்

போன வாரம் நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். நல்லவேளை, ஆறே நாளில் எல்லாம் சரியாகிவிட்டது. அதனால்தான் தைரியமாக உங்களிடம் சொல்கிறேன். சரியாகாமல் போயிருந்தால் இந்த வாரம் வாழைப்பழத்தின் மருத்துவ குணங்களைப் பற்றி ஏதாவது எழுதி ஒப்பேற்றியிருப்பேன்...

திங்கட்கிழமை காலை எட்டு மணி. காமயகவுண்டன்பட்டிக்கு வெளியே, திராட்சைத் தோட்டத்தை ஒட்டிய தகரக் கொட்டகை. சுவரில் ஐந்து ஆணிகள். ஐந்து ஆணியிலும் ஐந்து புது ஏப்ரன்கள், ஐந்து வலைத்தொப்பிகள். கீழே எட்டு டிரே நிறையப் பன்னீர் திராட்சை, முதல் நாள் சாயங்காலம் வெட்டியது.

ஏப்ரன் மாட்ட வேண்டிய ஐந்து பேரில் ஒருத்தர்கூட வரவில்லை.

"அத்தை, ஒருத்தரையும் காணோம்" என்றாள் பவித்ரா. அவள் என் தம்பி மகள். கோயம்புத்தூரில் நல்ல வேலையில் இருந்தவள். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த பிறகு, வீட்டுத் தோட்டத்துத் திராட்சையை ஜூஸ் போட்டு விற்கலாம் என்று வேலையை விட்டாள். மாமனார் வாய் திறந்து எதுவும் சொல்லவில்லை. ஆனால் தினமும் ஒருமுறை வந்து மெஷினைப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் திரும்பிப் போவார். அதற்கு அவர் திட்டியே இருக்கலாம்.

மதுரையில் ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட் முதல் ஆர்டர் கொடுத்திருந்தது. சனிக்கிழமை மத்தியானம் லாரி வரும். பெட்டிகள் தயாராக இருந்தால் மேலும் ஆர்டர். இல்லையென்றால் இதோடு சரி. அவர்கள் அப்படித்தான் சொன்னார்கள், ரொம்ப மரியாதையாக.

தொழில் தொடங்க அவள் அலைந்தபோது துணைக்குப் போனவள் நான். தேனியில் மாவட்டத் தொழில் மையத்தில் ஒரு பயிற்சி. நான் கடைசி வரிசையில் உட்கார்ந்துகொண்டு நோட்ஸ் எடுத்தேன். (முப்பது வருஷம் டீச்சராக இருந்தவளிடம் நோட்டைக் கொடுத்தால் வேறென்ன செய்வாள்?) இந்த மாவட்டத்தில் அதிகம் பேருக்கு வேலை தருவது யார் என்று திரையில் ஒரு பட்டியல் போட்டார்கள். நூற்பாலைகள், ஏலக்காய் வியாபாரம், மசாலாக் கம்பெனிகள், வாழைக்காய் ஏற்றுமதி, ஆஸ்பத்திரிகள்... எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன்.

நிஜமாகவே நன்றாக உதவினார்கள். கடனுக்கு எங்கே போவது, லைசென்ஸுக்கு எந்தப் படிவம், மெஷினை யாரிடம் வாங்கலாம்... ஒவ்வொன்றுக்கும் ஒரு மேசை, மேசைக்கு ஒருவர். "வேலைக்கு ஆள் பிடிக்க எந்த மேசை?" என்று கேட்டேன். அந்த அதிகாரி சிரித்தார். "அதுக்கு மட்டும் மேசை இல்லம்மா. அத நீங்கதான் பாத்துக்கிறணும்" என்றார்.

பார்த்துக்கொண்டேன். அங்கேதான் வந்தது வினை.

பவித்ரா வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் 'பெண் ஆட்கள் தேவை' என்று போட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு ஜீப் வந்து நின்றது. ஒன்பது பெண்கள் இறங்கினார்கள். ஞாயிறு தவிர தினமும் விடிகாலையில் அந்த ஜீப்பில் கம்பம்மெட்டு வழியாக மலையேறி, கேரளத்து ஏலத்தோட்டத்தில் காய் பறித்துவிட்டுச் சாயங்காலம் இறங்குகிறவர்கள். ஏன் இங்கே வர நினைத்தார்கள்? மழை பிடித்துக்கொண்டால் மேலே வேலை ஒரு நாள் இருக்கும், மறுநாள் இருக்காது. உள்ளூரில் வேலை என்றால் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வீட்டில் இருக்கலாம்.

ஒரே ஜீப்பில் ஒன்பது பேர் வந்து இறங்கினார்களே, அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டாமா? உறைக்கவில்லை. நான் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"இன்டர்வியூவை என்கிட்ட விடு. அஞ்சு பேர் போதும். ஒழுங்கா மார்க் போட்டுத் தேர்ந்தெடுப்போம்" என்று பவித்ராவிடம் சொல்லிவிட்டேன். கேள்விகளை இன்டர்நெட்டில் எடுத்திருந்தேன். 'இந்த வேலைக்கு நீங்கள் ஏன் பொருத்தமானவர்?'

முதலில் வந்தவள் முருகேஸ்வரி. முப்பத்தைந்து வயதிருக்கும், வெடுக்கென்று பேசுகிறவள். "காய் பறிக்கிற கை டீச்சரம்மா. பழத்த உதுக்காதா?" என்றாள். எட்டு மார்க்.

அடுத்தவள், "அவ சொன்னதுதான்" என்றாள். அதற்கடுத்தவள், "அதேதான்."

கடைசியாக இராமுத்தாய். ஐம்பத்தைந்து தாண்டியவர், மெதுவாக நடந்து வந்து உட்கார்ந்தார். "உங்க பலவீனம் என்ன?" என்று கேட்டேன். கொஞ்சம்கூட யோசிக்காமல், "முழங்காலு" என்றார். ஒரு குலையைக் கொடுத்து உதிர்க்கச் சொன்னேன். மற்றவர்கள் மூன்று குலை முடிக்கும் நேரத்தில் அவர் ஒன்றுதான் முடித்தார். இரண்டு மார்க்.

சுறுசுறுப்பான ஐந்து பேரைத் தேர்ந்தெடுத்தோம். அன்று சாயங்காலமே பவித்ரா ஐந்து பேருக்கும் வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாள். திங்கட்கிழமை காலை ஏழரைக்கு வரவும். எல்லா மெசேஜிலும் இரண்டு நீலக்கோடுகள் விழுந்தன. பதில் இல்லை. பதில் இல்லையென்றால் சம்மதம் என்று முடிவு செய்ததும் நான்தான்.

திங்கட்கிழமை ஒன்பது மணி வரை பார்த்தோம். பிறகு பவித்ரா, அவள் கணவர், நான்... மூன்று பேரும் உட்கார்ந்து காம்பை நீக்கி, அழுகலைப் பொறுக்கிப் பழத்தை உதிர்த்தோம். மத்தியானம் வரை உதிர்த்தும் இரண்டு டிரேதான் முடிந்தது. என் இடுப்பு தனியாகக் கழன்று விழும்போல இருந்தது. மீதி ஆறு டிரேயைக் கம்பம் மார்க்கெட்டுக்கு அனுப்பிவிட்டோம். அன்று மாமனார் வந்து மெஷினைப் பார்த்தார். காலி டிரேக்களைப் பார்த்தார். போய்விட்டார்.

பவித்ரா அழவில்லை. ஆணியில் தொங்கிய ஏப்ரன்களை ஒவ்வொன்றாக எடுத்து மடித்து வைத்தாள். அதைப் பார்க்க எனக்குத்தான் தாங்கவில்லை.

எனக்கு ஆத்திரமான ஆத்திரம். இந்தக் காலத்தில் யாருக்குப் பொறுப்பு இருக்கிறது? வேலை தேடி வருகிறார்கள், கொடுத்தால் வருவதில்லை. இந்தப் பத்திக்கு அதையே எழுதுவது என்று தலைப்புகூட யோசித்துவிட்டேன் — 'வேலை இருக்கு, ஆள் இல்லை!' நல்லவேளை, அனுப்பவில்லை.

சாயங்காலம் நானும் பவித்ராவும் ஜீப் இறங்குகிற இடத்துக்குப் போனோம். நாலு கேள்வி நறுக்கென்று கேட்டுவிடுவது என்றுதான் நான் போனேன். ஐந்து மணிக்கு ஜீப் வந்தது. ஒன்பது பேரும் இறங்கினார்கள், நான் செலக்ட் செய்த ஐந்து பேரும் சேர்த்து. என்னைப் பார்த்து யாரும் முகத்தைத் திருப்பவில்லை. "வாங்க டீச்சரம்மா" என்றார்கள். அதுவே எனக்குப் பாதி ஆத்திரத்தைக் குறைத்துவிட்டது.

"வரேன்னுட்டு இப்படிப் பண்ணலாமா முருகேஸ்வரி?" என்றேன்.

"வாரோம்னு நாங்க எப்பச் சொன்னோம்? நீங்கதான் எங்கள வேணாம்னுட்டீக."

"உன்னைச் செலக்ட் பண்ணியாச்சே. எட்டு மார்க் போட்டேன்."

"என்னயச் செலக்ட் பண்ணீக. அஞ்சு பேரப் பண்ணீக. நாங்க ஒம்போது பேரு."

எனக்குப் புரியவில்லை. அவளே ஜீப்பைக் காட்டினாள். "நாங்க அஞ்சு பேரு உங்ககிட்ட வந்துட்டா, மிச்சம் நாலு பேரு. நாலு பேர ஏத்திக்கிட்டு இந்த ஜீப்பு மல ஏறுமா? டீசலுக்கே காணாது. பாண்டியண்ணன் வண்டிய எடுக்க மாட்டாரு. அப்ப இந்த நாலு பேருக்கும் மேலயும் வேல கெடையாது, இங்கனயும் கெடையாது."

டிரைவர் பாண்டி ஸ்டியரிங்கில் கை வைத்தபடி தலையாட்டினார். "எட்டுப் பேராச்சும் இல்லாம எடுத்தா எனக்குக் கட்டுபடியாகாதும்மா. ரெண்டு பேரு லீவு போட்டாலே யோசிப்பேன்."

நான் ஐந்து பேருக்கு வேலை கொடுத்ததாகத்தானே நினைத்தேன்? நாலு பேர் வேலையில் மண்ணைப் போட்டிருக்கிறேன். அதுவும் மார்க் போட்டு!

"இதை ஞாயித்துக்கிழமையே சொல்லியிருக்கலாமே?" என்றேன். குரல் இறங்கிவிட்டது.

"நீங்க கேட்டதுக்கெல்லாம் பதில் சொன்னோம். இத மட்டும் நீங்க கேக்கல" என்றாள் முருகேஸ்வரி. குத்தலாகக்கூடச் சொல்லவில்லை. இருந்ததைச் சொன்னாள்.

பவித்ரா என்னைத் தாண்டி ஜீப் பக்கம் போனாள். அவர்களிடமே கேட்டாள். "ஒம்போது பேரும் வர்றீங்களா அக்கா?"

நான் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். "ஏய்... அஞ்சு பேர் வேலைதான் இருக்கு."

"ஒரு நாள் போயிருச்சு. ஒம்போது பேர் இருந்தாத்தான் சனிக்கிழமைக்குள்ள முடியும். அத்தை, நீங்க கொஞ்சம் சும்மா இருங்க" என்றாள். இந்த வார்த்தையை அவள் ஞாயிற்றுக்கிழமையே சொல்லியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

முருகேஸ்வரி உடனே தலையாட்டவில்லை. "உங்க பழம் முடிஞ்சா நாங்க திரும்ப மலைக்குத்தான போகணும்? அதுக்குள்ள பாண்டியண்ணன் எங்க சீட்ட வேற ஆளுகளுக்குக் குடுத்துட்டா?"

பவித்ரா பாண்டியைப் பார்த்தாள். "அண்ணே, நீங்களும் வாங்க. இவங்களைக் கூட்டிட்டு வந்து விடுங்க. பகல்ல தோட்டத்துல இருந்து டிரே எடுக்கணும், பாட்டில் பெட்டி இறக்கணும். எனக்கு எப்படியும் ஒரு வண்டி வேணும்." பாண்டி மலைப்பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு, "யோசிச்சுச் சொல்றேன்" என்றார்.

"நாளைக்கு வர முடியாது" என்றாள் முருகேஸ்வரி. "மேல சேட்டன்கிட்ட நேர்ல சொல்லணும். சொல்லாம நிக்கிற பழக்கம் எங்ககிட்ட கெடையாது. பாண்டியண்ணன் சரின்னா புதன்கெழம வாரோம்."

சேட்டன் என்றால் எஸ்டேட் சூப்பர்வைசர். பொறுப்பில்லாதவர்கள் என்று நான் பத்தி எழுத இருந்தது இவர்களைப் பற்றித்தான்.

செவ்வாய்க்கிழமை பாண்டியிடமிருந்து தகவல் எதுவும் இல்லை. ஆனாலும் பவித்ரா சாயங்காலம் மறுபடி பழம் வெட்டச் சொன்னாள். துணிச்சலா, வேறு வழியில்லையா... தெரியவில்லை. சுவரில் இன்னும் நாலு ஆணி அடித்தாள்.

புதன்கிழமை ஏழரை. ரோட்டில் ஒரு டவுன் பஸ் போனது. ஏழே முக்கால். பால்காரர் போனார். மாமனார் வந்து, வழக்கம்போல மெஷினைப் பார்த்துவிட்டுப் போகாமல், அன்று பார்த்து அங்கேயே நின்றார். எட்டு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது, தென்னந்தோப்புத் திருப்பத்தில் ஹாரன் சத்தம்.

சத்தியமாகச் சொல்கிறேன், என் பிளஸ் டூ ரிசல்ட்டுக்குக்கூட நான் இப்படி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றதில்லை. ஜீப் நின்றது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினேன். எட்டாவது வரை மளமளவென்று இறங்கினார்கள். ஒன்பதாவதாக இராமுத்தாய், ஒரு கையால் ஜீப் கம்பியையும் இன்னொரு கையால் முழங்காலையும் பிடித்தபடி. அப்பாடா என்று அந்த மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அந்த விரல்களைப் பார்க்க வேண்டுமே. ஏலச்செடிக்கடியில் குனிந்து, விளைந்த காய் எது, பிஞ்சு எது என்று தொட்டே பிரிக்கிற விரல்கள். நான் கண்ணாடி போட்டுத் தேடிய அழுகல் பழத்தை அவர்கள் பேசிக்கொண்டே பொறுக்கிப் போட்டார்கள். இராமுத்தாய்? மெதுவுதான். இன்டர்வியூவில் எப்படியோ அப்படியேதான். அவர் ஏதோ கடைசியில் அதிசயம் செய்தார் என்று எழுதினால் கதை நன்றாக இருக்கும், ஆனால் செய்யவில்லை. அவருடைய டிரே பாதியில் நிற்கும்போது, பக்கத்தில் இருப்பவள் பேச்சை நிறுத்தாமலே தன் கைப்பழத்தை அதில் போடுவாள். கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பக்கத்திலிருந்து இன்னொருத்தி. யாரும் யாரையும் பார்க்கவில்லை. ஒன்பது டிரேயும் ஒரே நேரத்தில் நிறைந்தன. நான் போட்ட மார்க் சரிதான், பரீட்சைதான் தப்பு.

சனிக்கிழமை பதினொரு மணிக்கே பெட்டிகள் தயார். லாரிதான் தாமதமாக வந்தது. கடைசிப் பெட்டியை ஏற்றும்போது மாமனார் ஒரு கை பிடித்தார். வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் பவித்ரா அன்றுதான் நன்றாகச் சிரித்தாள். நானும் அன்றுதான் வீட்டுக்கு வந்து நிம்மதியாகப் படுத்தேன். அடுத்த ஆர்டரும் வந்துவிட்டது. பழம் வெட்டுகிற வாரங்களில் ஜீப் இங்கே வரும். மற்ற வாரங்களில் மலைக்குப் போகும். சேட்டனும் சரி என்றுவிட்டாராம்.

நேற்று என் பழைய நோட்டை எடுத்துப் பார்த்தேன். நூற்பாலைகள், மசாலாக் கம்பெனிகள்... பட்டியலில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் விடிகிற நேரத்தில் கம்பத்திலோ போடியிலோ போய் ரோட்டோரம் நின்று பாருங்கள். வரிசையாக மலையேறுகிற ஜீப்புகளுக்கு போர்டு உண்டா? மேனேஜர் உண்டா? ஆனாலும் இத்தனை வீடுகளில் உலை கொதிப்பது அந்த வண்டிகள் கிளம்புவதால்தான். அது எந்தத் திரையிலும் வரவில்லை, என் நோட்டிலும் இல்லை.

எழுதிக்கொண்டிருக்கும்போதே பவித்ரா போன் செய்தாள். தொழில் மையத்துக்கு ஒரு படிவம் நிரப்ப வேண்டுமாம். "எத்தனை பேருக்கு வேலை கொடுத்திருக்கீங்கன்னு கேட்டிருக்காங்க அத்தை. என்ன போட?"

"ஒன்பதுன்னு போடு" என்றேன், பெருமையாக.

"பத்து அத்தை. பாண்டியண்ணன் இல்லாம ஜீப்பு எப்படி வரும்?"

ஆள் கணக்குப் போட எனக்கு இன்னும் வரவில்லை.