டிக்கியில் கிடக்கும் கிளட்ச் பிளேட்

போன வாரம் என் காரில் பிரேக்கை மிதித்தால் கீச்சென்று ஒரு சத்தம். பாரிசுக்கு வெளியே நாங்கள் இருக்கும் புறநகரில், நான் வேலை பார்க்கும் பள்ளிச் சமையற்கூடத்துக்கு எதிர்த்தாற்போல் ஒரு கராஜ் இருக்கிறது. அதன் முதலாளி சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தார், கையைத் துடைத்தார், கணினியில் தட்டி ஒரு தாளை நீட்டினார். அதற்கு 'தெவி' என்று பெயர். எந்தச் சாமான் என்ன விலை, எத்தனை மணி நேரக் கூலி, வரி எவ்வளவு, எல்லாம் அதில் இருக்கும். நான் கையெழுத்துப் போடாமல் அவர் ஒரு திருகாணியைக்கூடத் தொடமாட்டார். வேலை முடிந்ததும் கழற்றிய பழைய சாமான்களை அட்டைப்பெட்டியில் போட்டு என்னிடமே கொடுப்பார். மாற்றியதற்கு அதுதான் அத்தாட்சி.

வந்த புதிதில் இந்தப் பெட்டி எனக்கு விளங்கவில்லை. வெளிநாட்டுக்காரி, கேட்க நாதியில்லை என்று தன் குப்பையை என் தலையில் கட்டுகிறார் என்று நினைத்துவிட்டேன். பெட்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய் அவர் மேசைமேல் வைத்து, எனக்குத் தெரிந்த அரைகுறை பிரெஞ்சில், "இது நல்லாயில்லை, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்றேன். புதிதாகப் போட்ட சாமான் நன்றாக இல்லை என்று நான் குறை சொல்வதாக அவர் புரிந்துகொண்டார் போலிருக்கிறது. மனிதர் முகம் சுருங்கி, காரை மறுபடியும் மேலே தூக்கி, மாட்டியதையெல்லாம் முதலிலிருந்து சரிபார்த்தார். நான் பக்கத்தில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, மாட்டிக்கொண்டான் பார் என்று நின்றேன். சாயங்காலம் என் கணவர் விஷயத்தைக் கேட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் இங்கேயே பிறந்து வளர்ந்தவர். மாமனார் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அப்படிப்பட்ட சிப்பாயைக் காரைக்காலில் எங்கள் பக்கம் சொல்தா என்பார்கள், சொல்தா வீடு என்றால் எல்லோருக்கும் தெரியும்.

அதற்குப் பிறகு நான் தெவியின் பரம பக்தையாகிவிட்டேன். ஒரு கராஜில் வாங்கிய தெவியை இன்னொரு கராஜில் காட்டி விலையைக் குறைக்கச் சொல்வேன். இங்கே அதற்கு யாரும் கோபித்துக்கொள்வதில்லை. முடிந்தால் குறைப்பார்கள், முடியாவிட்டால் சிரித்துக்கொண்டே போய்வரச் சொல்வார்கள். ஏமாறாமல் இருப்பதுதான் கெட்டிக்காரத்தனம் என்று ஒரு நினைப்பு எனக்குள் நன்றாக ஊறிவிட்டது. அந்த நினைப்பையும் பெட்டியில் வைத்துத்தான் கோடை விடுமுறைக்கு ஊருக்கு எடுத்துக்கொண்டு போனேன்.

ஊரில் அப்பாவும் மங்கை அக்காவும் காரைக்காலுக்கு வடக்கே பூவத்தில் இருக்கிறார்கள். அப்பாவுக்குச் சிறுநீரகம் பழுதாகிவிட்டது. வாரத்தில் மூன்று நாள் காரைக்காலுக்கு அழைத்துப் போய் டயாலிசிஸ் செய்ய வேண்டும். அப்பாவின் பழைய காரை அக்காதான் ஓட்டுகிறாள். போகும்போதாவது பரவாயில்லை, திரும்பும்போது அப்பாவால் உட்காரக்கூட முடியாது. பின்சீட்டில் தலையணை வைத்துப் படுக்கவைத்துக் கொண்டுவருவாள். அந்தக் கார் நடுவழியில் நிற்கக் கூடாது என்பதுதான் அந்த வீட்டின் ஒரே வேண்டுதல்.

நான் போயிருந்த சமயத்தில் காரில் கிளட்ச் வழுக்கியது. அக்காவுக்கு வேலை மிச்சமாகட்டும் என்று நானே கோட்டுச்சேரியில் செல்வராசுவின் பட்டறைக்கு ஓட்டிக்கொண்டு போனேன். செல்வராசு கருக்களாச்சேரிக்காரர். போட் எஞ்சின் வேலை பார்த்துக்கொண்டிருந்து பிறகு கார்ப் பட்டறை வைத்தவர். அக்காவுக்கு அவர்தான் பல வருஷமாக மெக்கானிக்.

"கிளட்ச் போயிட்டுக்கா. கீழயும் உப்புக்காத்து தின்னுட்டு, சக்கரத்தப் புடிக்கிற ஆர்ம் ரெண்டையும் மாத்திப்புடலாம். எல்லாம் சேத்து பதினெட்டு ஆவும்" என்றார்.

"எதுக்கு எவ்வளவுன்னு பிரிச்சு எழுதிக் குடுங்க."

அவர் சிரித்தார். "எழுதியா? மங்கை அக்கா இத்தன வருசத்துல ஒரு நாளும் கேட்டதில்லீங்க."

இருந்தாலும் காலண்டர் தாளைக் கிழித்து எழுதிக் கொடுத்தார். அதைப் படம் எடுத்து நாகப்பட்டினத்தில் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்புக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். பதினான்காயிரத்துக்கு முடித்துத் தருவதாகப் பதில் வந்தது. ஆள் பார்த்துச் சொன்ன விலை, பிரான்ஸ் விலை என்று எனக்குச் சுருக்கென்றது. செல்பேசியை நீட்டி அந்தப் பதிலை அவரிடமே காட்டினேன். பட்டறையில் வேறு இரண்டு வாடிக்கையாளர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர் கையைத் துடைத்துக்கொண்டு அதை வாங்கிப் படித்தார்.

"சரிங்க. பதினாலுக்கே செஞ்சு குடுத்துடுறேன்."

அத்தோடு விட்டிருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை. "கழட்டுன பழைய சாமானை எனக்குக் குடுத்துடுங்க" என்றேன். உட்கார்ந்திருந்த இருவரும் செல்வராசுவைப் பார்த்தார்கள். மாற்றாமலேயே மாற்றினேன் என்று சொல்கிற ஆள் நீ என்று நாலு பேர் முன்னால் சொன்னதற்குச் சமம் அது. எனக்கு அப்போது அது உறைக்கவே இல்லை. மறுநாள் போனபோது பழைய கிளட்ச் பிளேட்டை மண்ணெண்ணெயில் கழுவி, செய்தித்தாளில் சுற்றி, அவரே டிக்கியில் வைத்தார்.

"உங்க சாமான் உங்ககிட்டயே இருக்கட்டும் மேடம்."

என்னை அக்கா என்று கூப்பிட்டது போய் மேடம் வந்திருந்ததைக் கவனித்தேன். ஆனாலும் நாலாயிரம் மிச்சம் பிடித்த சந்தோஷத்தில் வீட்டுக்கு வந்தேன்.

டிக்கியைத் திறந்து பார்த்த அக்கா, நடந்ததைக் கேட்டு அப்படியே வாசல்படியில் உட்கார்ந்துவிட்டாள். "அவரு கூட வச்சுதான் சொல்லுவாருன்னு எனக்குத் தெரியாதாடி? போன மழையில வண்டி நின்னு போயிட்டு. அப்பா உள்ள துவண்டு கெடக்குறாரு. போன் பண்ணுன கையோட வந்தாரு. அப்பாவைத் தூக்கித் தன்னோட வேன்ல கொண்டாந்து வீட்டுல படுக்கவச்சுட்டு, அப்புறம் போயி வண்டியைக் கட்டி இழுத்துட்டு வந்தாரு. காசு குடுத்தா வாங்க மாட்டாரு. ஒரு தடவையா, ரெண்டு தடவையா? பெரிய வேலை வர்றப்ப கொஞ்சம் சேத்துக்குவாரு. நானும் கேக்க மாட்டேன், அவரும் சொல்ல மாட்டாரு. அப்படியே ஓடிட்டு இருந்துச்சு."

"எனக்குத் தெரியாதே அக்கா."

"தெரியலன்னா என்னையக் கேக்கணும். நீ ஒரு மாசத்துல பிளேன் ஏறிடுவ. நான்தான் நாளைக்கும் அவரு மூஞ்சில முழிக்கணும்."

அவள் சத்தம் போட்டுக்கூடச் சொல்லவில்லை. எனக்குத்தான் வெட்கம் பிடுங்கித் தின்றது. நாலாயிரத்தை மனசுக்குள் யூரோவாக்கிப் பார்த்தேன். என் கராஜ்காரர் ஒரு மணி நேரத்துக்கு வாங்கும் கூலிக்குக்கூடக் காணாது. அந்த விலை நியாயமா என்று நான் பார்த்தது அந்த ஒரு நாள் வேலைக்கு. அவர்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தது வருஷக்கணக்கில். நடுவில் நான் புகுந்து அந்தக் கணக்கைக் கறாராகத் தீர்த்துவைத்துவிட்டேன்.

புறப்படுவதற்கு முன் நாலாயிரத்தை ஒரு உறையில் போட்டு, ஒரு சாக்லேட் பெட்டியும் எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். செல்வராசு எழுந்து நின்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். உறையைத் தொடவில்லை. "பேசுனது பதினாலு, வாங்குனதும் பதினாலு. சரியாப் போயிட்டுங்க மேடம்" என்றார். மறுத்தால் மரியாதை இல்லை என்று சாக்லேட்டை மட்டும் வாங்கிக்கொண்டார். அவர் திட்டியிருந்தால் பதிலுக்கு மன்னிப்பாவது கேட்டிருப்பேன். அவ்வளவு மரியாதைக்கு முன்னால் உறையைத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

ஐப்பசி மழையில் கார் மறுபடியும் நின்றது. பேட்டரி. டயாலிசிஸ் முடிந்து திரும்பும் வழியில், கோட்டுச்சேரி தாண்டி, அப்பா பின்சீட்டில். அக்கா கூப்பிட்டதும் செல்வராசு வந்துவிட்டார். வராமல் இருக்கிற ஆள் அவர் இல்லை. வந்தார், வண்டியைக் கிளப்பிக் கொடுத்தார், ஒரு பில் எழுதிக் கொடுத்தார். வந்துபோன கூலி ஐந்நூறு. அக்கா கொடுத்த ஐந்நூறை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மழையிலேயே போய்விட்டார். பின்சீட்டுப் பக்கம் திரும்பவில்லை. அந்தப் பில்லின் படத்தை அக்கா எனக்கு அனுப்பியிருந்தாள். சமையற்கூடத்தில் தட்டுகளை அடுக்கிக்கொண்டே பார்த்தேன். தேதி, வேலை, கூலி, கையெழுத்து, எல்லாம் ஒழுங்காக இருந்தன. இங்கே ஒருவர் இப்படி மழையில் வந்திருந்தால் இதைப்போலப் பத்துமடங்கு வாங்கியிருப்பார். அதில் ஒரு குறையும் என்னால் சொல்ல முடியவில்லை.

"அப்பா என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"செல்வராசுக்கு நம்ம மேல என்ன கோவம்னு கேட்டுக்கிட்டே வந்தாரு. நான் ஒண்ணும் சொல்லல."

நேற்றும் அக்கா காரில் போய்க்கொண்டே பேசினாள். பேச்சுக்கு நடுவில் தடதடவென்று ஏதோ உருளும் சத்தம். மறுபடியும் வண்டிக்கு என்ன என்று பதறிப்போய்க் கேட்டேன்.

"ஒண்ணுமில்லடி. டிக்கில நீ வாங்கி வச்ச பிளேட்டுதான். பழைய இரும்புக்குப் போட்டுடலாம்னா அப்பா விட மாட்டேங்குறாரு. அது அவளோடது, வந்து எடுத்துக்குவாங்குறாரு."

என்னுடைய இந்த ஊர்க் காரிலிருந்து கழற்றியவை எல்லாம் நிலவறையில் பெட்டி பெட்டியாகச் சத்தமில்லாமல் கிடக்கின்றன. பூவத்து வண்டியிலிருந்து கழற்றியது மட்டும் இன்னும் அந்த வண்டியிலேயே போய்வருகிறது. அப்பாவைச் சுமக்க அதனால் ஒரு உபயோகமும் இல்லை. சாலையில் பள்ளம் வரும்போதெல்லாம், நானும் இருக்கிறேன் என்று உருண்டு சத்தம் மட்டும் போடுகிறது.