வேலை செய்யாத குளோரின்

வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்று, சோதனைக் குழாயில், மருந்து கலந்து கலங்கிய குளத்து நீரைச் சொட்டுச் சொட்டாக ஊற்றிக்கொண்டிருந்தார் காதர் பாட்சா. குழாயின் அடியில் ஒரு கறுப்புப் புள்ளி. அது கண்ணுக்கு மறையும் இடத்தில் உள்ள கோடுதான் தண்ணீரில் சேர்ந்திருக்கும் ஸ்டெபிலைசர் என்ற வேதிப்பொருளின் அளவு; சீக்கிரம் மறைந்தால் அளவு அதிகம். கொஞ்சம் ஊற்றியதுமே புள்ளி மறைந்துவிட்டது.

"நூறையும் தாண்டிடுச்சு. இதுல எந்தக் கிருமி சாவும்?"

ஷார்ஜா ஓட்டல்களில் பதினெட்டு ஆண்டுகள் நீச்சல்குளம் பார்த்தவர். இப்போது காரைக்காலில், நான் காலையில் நீந்தப் போகும் தனியார் குளத்தில் வேலை. தண்ணீரை முகர்ந்த பிறகுதான் நம் வணக்கத்துக்கே பதில் சொல்வார். குளோரின் வாடை பலமாக அடித்தால் சுத்தம் என்று யாராவது சொன்னால் சண்டைக்கு வந்துவிடுவார். "நல்ல தண்ணி வாடையே அடிக்காதுங்க!"

அந்த வாரம் குளம் பச்சை தட்டியிருந்தது. பிள்ளைகளுக்குக் கண் சிவந்து, காதில் சீழ் வடிந்தது. மேலாளர் நெடுமாறன், காரைக்கால்மேட்டிலிருந்து பயிற்சிக்கு வரும் மீனவப் பிள்ளைகள்தான் காரணம் என்று முடிவு கட்டினார். "கடல் அழுக்கோட வந்து எறங்குதுங்க" என்று பதினோரு பேரை வாசலிலேயே திருப்பி அனுப்பினார். குளோரின் மாத்திரையை இரட்டிப்பாகப் போடவும் சொன்னார்.

காதர் பாட்சா சோதனைக் குழாயை அவர் முன்னால் நீட்டினார். "மாத்திரைக்குள்ளயே ஸ்டெபிலைசர் இருக்கு சார். வெயில்ல குளோரின் போயிடாம அதுதான் காப்பாத்தும். ஆனா குளோரின் தீந்தாலும் இது தீராது, சேந்துகிட்டே போவும். அளவு மிஞ்சினா குளோரினோட கையக் கட்டிப்புடும். அளந்தா இருக்குன்னு காட்டும், வேலை செய்யாது. பாதித் தண்ணிய எறக்கிட்டுப் புதுசு விடணும்."

"பாதிக் குளமா? வெளயாடுறீங்களா பாய்?"

"நாலு மாசமா எழுதிக் குடுத்தேன், படிக்கல. இப்ப புள்ளைங்க மேல பழியப் போடுறீங்க. சோப்பு போட்டுக் குளிச்சிட்டு வந்த புள்ளைங்க சார் அதுங்க!"

"வேலைய விட்டுத் தூக்கிடுவேன்."

"தண்ணி எறங்கட்டும், அப்புறம் தூக்குங்க" என்று வடிகால் வால்வைத் திறந்துவிட்டார்.

புதுத் தண்ணீர் ஏறியது. மாத்திரைக்குப் பதிலாக, ஸ்டெபிலைசர் கலக்காத திரவக் குளோரினை ஊற்றினார். ஒரு வாரத்தில் குளத்தடி ஓடுகள் பளிச்சென்று தெரிந்தன. அதன்பின் யாருக்கும் காது வலி வரவில்லை.

"சரி பாய், அந்தப் பசங்கள வரச் சொல்லிடுங்க" என்றார் நெடுமாறன், போனைப் பார்த்தபடியே.

"வெரட்டுனது நீங்க. வண்டியில ஏறுங்க."

அவருடைய ஸ்கூட்டருக்குப் பின்னாலேயே நானும் என் வண்டியில் போனேன். காரைக்கால்மேட்டில் மீன் ஏலம் நடந்துகொண்டிருந்தது. பிள்ளைகளின் தாய்மார் கூடையோடு திரும்பிப் பார்த்தார்கள். நெடுமாறன் ஸ்கூட்டரின் பின்னிருக்கையை விட்டு அசையவில்லை. "நீங்களே ஒரு வார்த்தை சொல்லிடுங்களேன்" என்றார் மெல்ல.

காதர் பாட்சா இறங்கி ஸ்டாண்டைப் போட்டார். வண்டிச் சாவியை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கடலைப் பார்த்துத் திரும்பி நின்றார்.