வானத்தில் மட்டும் ஒரு மணி நேரம்

நாங்கள் குடவாசலில் இருக்கிறோம். பெங்களூரில் வேலை பார்க்கும் மகளைப் பிரசவத்துக்கு அழைத்துவர அடுத்த வாரம் போவதாக இருந்தோம். அதற்குள் ஒருநாள் காலை, வலி கண்டு ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டதாக மருமகன் போன் செய்தார்.

பக்கத்து வீட்டு மும்தாஜ் அக்கா, பெங்களூரில் இருக்கும் தன் மகனைப் பார்க்கக் காரில் கிளம்பிக்கொண்டிருந்தார். "இடம் இருக்கு, ஏறுங்க" என்றார்.

என் கணவரோ, "கார்ல எட்டு மணி நேரம் ஆகும். திருச்சியிலேருந்து ஃப்ளைட்ல ஒரு மணி நேரம்தான்னு போன்லயே போட்டிருக்கு" என்று மறுத்துவிட்டு, மதிய விமானத்துக்கு டிக்கெட் எடுத்தார்.

அறுவடை நேரம். வழியெல்லாம் நெல் லாரிகள் சாலையை அடைத்து நின்றன. நாங்கள் விமான நிலையத்துக்குள் நுழைந்தபோது கவுன்ட்டரை மூடிவிட்டார்கள். கெஞ்சியும் விடவில்லை. அடுத்த விமானம் இரவுதான்.

"அம்மா, எங்க இருக்க?" என்று மகள் போனில் அழுதாள். "திருச்சியிலதான்டி" என்று சொல்ல எனக்கு நாக்கு கூசியது.

சாயங்காலம் ஒரு போட்டோ வந்தது. மும்தாஜ் அக்கா கையில் என் பேத்தி! காரை நேராக ஆஸ்பத்திரிக்கே விடச் சொல்லிவிட்டாராம். தாயும் பிள்ளையும் நலம் என்றதும்தான் எனக்கு உயிர் வந்தது. ஆனாலும் ஆத்திரம் அடங்கவில்லை. "இன்னும் ஏறவே இல்லையே, எங்கே உங்க ஒரு மணி நேரம்?" என்று கணவரிடம் எரிந்து விழுந்தேன்.

இப்போதெல்லாம் எங்கள் வாசலிலிருந்து போய்ச் சேரும் வாசல் வரை ஆகும் நேரத்தைக் கூட்டிப் பார்த்த பிறகுதான் டிக்கெட் எடுக்க விடுகிறேன். மகள் மறுபடி உண்டாகியிருக்கிறாள். இந்த முறை நான் முன்னதாகவே ரயிலில் போய் அவளோடு இருந்துகொள்வேன். அவர் ஃப்ளைட்டிலேயே வரட்டும்.