லஸ் முனையில் இறங்காத கை

பட்டணத்துப் போலீஸில் சேர்ந்ததும் இரண்டு பாடங்களை எங்கள் மண்டையில் ஏற்றினார்கள். ஒன்று, அதிகாரியைக் கண்டால் சல்யூட். இரண்டு, பாயிண்ட் டியூட்டியில், அதாவது நடுரோட்டில் நின்று வண்டிகளை நிறுத்தி அனுப்பும் வேலையில், தூக்கிய கையைப் பாதை காலியாகும்வரை இறக்கக் கூடாது. இரண்டுக்குமே வலது கைதான். ஆளுக்கு ஒன்றுதான் இருக்கிறது என்பதை டிரில் மாஸ்டர் யோசிக்கவில்லை.

முதல் டியூட்டி லஸ் முனையில். எனக்கு மேலே ஹெட் கான்ஸ்டபிள், சப்-இன்ஸ்பெக்டர், இன்ஸ்பெக்டர், டெபுடி கமிஷனர், உச்சியில் வெள்ளைக்காரக் கமிஷனர் துரை. எனக்குக் கீழே என் நிழல் மட்டும்.

சாந்தோம் மீன்காரம்மா ஒருத்தி கூடையுடன் ரோட்டைக் கடக்க, எதிரே வந்த கறுப்புக் காரைக் கை தூக்கி நிறுத்தினேன். அப்புறம்தான் உள்ளே பார்த்தேன். கமிஷனர் துரை!

சோடாக் கடையிலிருந்து ஹெட் கான்ஸ்டபிள் அலறினார்: "யோவ், துரைய்யா! சல்யூட் அடி! வேலை பூடும்!"

அடித்தால் கை இறங்கும், வண்டிகள் கிளம்பும், நடுவில் மீன்காரம்மா. இப்படியெல்லாம் நான் யோசித்ததாக எழுத ஆசைதான். உண்மையில் கை விறைத்துவிட்டது. நாக்கும்தான்.

துரை தலையை நீட்டினார். "சல்யூட் எங்கே?"

மீன்காரம்மாதான் திரும்பினாள். "கைய எறக்கினா நான் எங்க தொரை போவேன்? உன் வண்டிக்கு அடியிலயா?"

துரை அவளைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். "குட் மேன்" என்றார்.

அவள் கடந்துவிட்டாள். பாதை காலி. என் கை மட்டும் மேலேயே இருந்தது. துரை காத்திருந்தார். டிராம் மணி அடித்தது. மீன்காரம்மா கூடையை ஓரமாக வைத்துவிட்டு வந்தாள்.

"இன்னா நைனா, பயத்துல வெறச்சிக்கினியா?" என்று காதோரம் கேட்டு, என் கையைப் பிடித்து இழுத்து இறக்கினாள். காரிலிருந்து பார்த்தவருக்கு அவள் கைகுலுக்கி நன்றி சொன்னதாகத் தெரிந்திருக்க வேண்டும். சிரித்துக்கொண்டே போனார்.

சில நாளில் ஆர்டர் வந்தது: பாயிண்டில் நிற்பவன் யாருக்கும் சல்யூட் அடிக்க வேண்டாம். "நான் பழக்கின ஆளுய்யா" என்று ஸ்டேஷன் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார் ஹெட் கான்ஸ்டபிள்.

புதிதாகச் சேரும் தம்பிகளுக்கு நான் சொல்வது இதுதான்: பயப்படுங்கள், ஆனால் நடுங்காமல் பயப்படுங்கள். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அது கடமை உணர்ச்சியாகத் தெரியும். மீன் வாங்க மட்டும் சாந்தோம் பக்கம் போகாதீர்கள். கிட்டே நின்று பார்த்தவள் அங்கேதான் இருக்கிறாள்; நான் இன்றுவரை போகவில்லை.