மார்லிஸ் பில் அனுப்பக் கற்ற குளிர்காலம்

நாற்பது வயது தாண்டும்வரை மார்லிஸ் கின்னுனனின் வேலை அவசர உதவிக் கட்டுப்பாட்டு அறையில் போன் எடுப்பது. அமெரிக்காவில், பெரிய ஏரி ஒன்றின் கரையில் இருக்கும் துலூத் நகரில் யாருக்கு நெஞ்சு வலித்தாலும், யார் வீட்டுக் கூரை பற்றிக்கொண்டாலும், முதலில் கேட்கும் குரல் அவளுடையது. வண்டி போய்ச் சேர்ந்ததும் இணைப்பு அறுந்துவிடும். அந்த மனிதர் பிழைத்தாரா, அழுத அந்தப் பெண் மறுபடி அதே வீட்டுக்குள் போனாளா, எதுவும் அவளுக்குத் தெரிய வராது.

"பாதிக் கதையில எழுப்பி விட்டுடறாங்க ரோலி" என்று கணவனிடம் குறைப்பட்டுக்கொள்வாள்.

மீதிக் கதையைக் கேட்கும் ஆசைதான் அந்த வயதில் அவளை மாலைக் கல்லூரிக்கு அனுப்பியது. படித்து, உரிமம் வாங்கி, ஐம்பதை நெருங்கும்போது மனநல ஆலோசகராகத் தனி அறை ஒன்றைத் திறந்தாள். இரண்டு சாய்வு நாற்காலி, ஒரு விளக்கு, ஏரி தெரிகிற ஜன்னல். பள்ளி ஆசிரியைகள், நர்ஸுகள், கப்பலுக்கு இரும்புத்தாது ஏற்றும் துறை மேடையில் வேலை பார்ப்பவர்கள் என்று ஆட்கள் வந்தார்கள். கைக்காசு போட்டு வாரா வாரம் வரக்கூடியவர்கள் அவர்களில் அநேகமாக யாருமில்லை. வேலை செய்யும் இடத்து இன்சூரன்ஸ்தான் அவர்களை அந்த நாற்காலிவரை கொண்டுவந்து சேர்த்தது.

ஆனால் இன்சூரன்ஸ் கம்பெனி சும்மா பணம் அனுப்பாது. பில் போகவேண்டும். மார்லிஸ் வெள்ளிக்கிழமை மதியங்களில் உட்கார்ந்து, சிவப்பில் அச்சிட்ட படிவங்களைக் கையாலேயே நிரப்பி, உறையிலிட்டு, தபால் நிலையத்துக்குத் தானே நடந்துபோய்ப் போடுவாள். கணினி வழியாக அனுப்ப அவள் ஒப்பவில்லை. பயிற்சிக் காலத்தில் அவள் இருந்த கிளினிக்கில் யாரோ திரையை மூடாமல் எழுந்துபோக, வரிசையில் நின்ற ஒருவர் தன் பக்கத்து வீட்டுக்காரனின் நோயை நின்ற இடத்திலேயே படித்துவிட்டார். அந்தப் பக்கத்து வீட்டுக்காரன் அதன்பிறகு கிளினிக் பக்கமே வரவில்லை. அது அவள் மனதில் முள்ளாகத் தங்கிவிட்டது. ஒட்டிய உறை என்றால் ஒட்டியதுதான். போதாததற்கு ரோலி தபால்காரனாக இருந்து ஓய்வுபெற்றவன். அந்த வீட்டில் தபாலைச் சந்தேகிப்பது தெய்வக் குற்றம் மாதிரி.

அறையை வேறு தெருவுக்கு மாற்றி ஒரு வருடத்துக்குமேல் ஆகியிருந்த அந்தக் குளிர்காலத்தில்தான் தொல்லை ஆரம்பித்தது. துறைமுகத் தொழிலாளர்களுக்கு இன்சூரன்ஸ் தரும் பெரிய கம்பெனியிடமிருந்து பதிலே வரவில்லை. போன் செய்தால் பாட்டு ஓடியது. பாட்டு முடிந்து ஒரு பெண் வந்து, "அப்படி எந்த பில்லும் எங்களுக்கு வரலையே" என்றாள். மார்லிஸ் மறுபடி எழுதி அனுப்பினாள். அதற்கும் மௌனம். கடைசியில் போனில் கிடைத்த பதில், பில் அனுப்பும் கெடு முடிந்துவிட்டது, இனி ஏற்கமுடியாது என்பது. அந்தப் பணத்தை வந்தவர்களிடம் கேட்கவும் கம்பெனியோடு போட்ட ஒப்பந்தம் இடம்தராது. அவர்களுக்காக அவள் செலவிட்ட மணிநேரமெல்லாம் ஏரியில் கொட்டியது போலாயிற்று.

நாள் பூரா மற்றவர் பாரத்தைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து இந்தப் பாரத்தில் தூக்கம் கெட்டாள். அந்தக் கம்பெனியின் ஆலோசகர் பட்டியலிலிருந்து விலகிவிடுவது என்று முடிவெடுத்தாள். முடிவெடுத்ததும் கொஞ்சம் மூச்சு வந்தது. யார் யாரிடம் சொல்லவேண்டும் என்று நினைத்ததும் வந்த மூச்சு போய்விட்டது.

அதில் ஒருவர் எல்டன் ஹால்வர்சன். துறை மேடையில் முப்பது வருடம் உழைத்தவர். இலையுதிர்காலம் பூராவும் அந்த நாற்காலியில் உட்கார்ந்து மீன் பிடிப்பது, முழங்கால் வலி, லாரி டயர் விலை என்று பேசிக்கொண்டிருந்தவர். போன வாரம்தான், எழுந்து கோட்டு மாட்டிக்கொண்டே, தம்பி லெஸ் மேடையிலிருந்து தண்ணீரில் விழுந்த அன்று தானும் அங்கே இருந்ததாகச் சொன்னார். அவ்வளவுதான் சொன்னார். அதைச் சொல்ல அவருக்கு அத்தனை மாதம் பிடித்திருந்தது.

"எல்டன், ஒரு விஷயம். உங்க இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எனக்கும் ஒத்துவரல. பனி உருகறதுக்குள்ள விலகிடலாம்னு இருக்கேன்."

அவர் தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப நான்?"

"அவங்க பட்டியல்ல இருக்கற வேற ஆள் பேரு தரேன். நல்லவங்கதான்."

"சரி."

"கோவமா எல்டன்?"

"கோவமெல்லாம் என்ன. பனி கொட்டப்போகுது, நான் கிளம்பறேன்."

அடுத்த வாரம் அவர் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் நாற்காலி காலியாகவே இருந்தது.

எதிர் அறையில் டார்சி ஆக்லண்ட் என்றொருத்தி தம்பதிகளுக்கு ஆலோசனை சொல்பவள். மார்லிஸை விட இளையவள், வாய் கொஞ்சம் நீளம். பொதுச் சமையல் மேடையில் சூப்பைச் சூடாக்கிக்கொண்டிருந்தவள் மார்லிஸைப் பார்த்ததும் நிறுத்தினாள்.

"யாரு செத்தா?"

"யாரும் சாகல. இன்சூரன்ஸ்."

"நீ இன்னும் கையால எழுதி ஸ்டாம்பு ஒட்டிட்டா இருக்கே? குதிரை வண்டிய கீழயா நிறுத்தியிருக்கே மார்லிஸ்?"

மார்லிஸுக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் கூடவே வந்தது. டார்சி அடுப்பை அணைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இதப் பாரு. கம்பெனியோட வெப்சைட்லயே நீ பில்லை நேரா அடிக்கலாம், அதுக்கு நீ காசு தரவேண்டாம். ஆனா ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு கதவு, ஒவ்வொரு சாவி. நீ பைத்தியமாயிடுவே. இல்லன்னா ஒரு ஆளப் போடு, வர்றதுல ஒரு பங்கு எடுத்துக்குவான், நீ தலையிட வேண்டாம். நான் பண்றது என்ன தெரியுமா? ஆட்களோட குறிப்பு எழுதற மென்பொருள்லயே பில்லும் போகுது. நடுவுல ஒரு தரகன் மாதிரி ஒருத்தன் வாங்கி, சரிபார்த்து, எல்லா கம்பெனிக்கும் பிரிச்சு அனுப்பறான். தப்பு இருந்தா உடனே மூஞ்சிக்கு நேரா சொல்லிடுவான்."

"யாராவது படிச்சுட்டா?"

"பூட்டித்தான் அனுப்பறாங்க. உன் உறை மட்டும் என்ன, இரும்புப் பெட்டியா?"

வீட்டில் ரோலியிடம் இதைச் சொல்ல மார்லிஸுக்குத் தயக்கமாக இருந்தது. அவன் உருளைக்கிழங்கு வறுவல் பரப்பிச் சுட்ட இறைச்சிப் பாத்திரத்தை அடுப்பிலிருந்து எடுத்துக்கொண்டே முழுவதையும் கேட்டான்.

"கம்ப்யூட்டருக்கே போயிடு."

"என்ன ரோலி, நீயா சொல்றே?"

"நான் சொல்லாம யாரு சொல்றது? ஒரு தடவை சூப்பீரியர் தெருவுல சறுக்கி விழுந்தேன். பையில இருந்ததெல்லாம் சேத்துப் பனியில. ஆபீஸ் ஹீட்டர் மேல பிரிச்சுப் போட்டு உலத்தினோம். யாரு யாருக்கு ஜீவனாம்சம் தரல, யாரு வீட்டு மருமக எங்க போனா, அத்தனையும் உலந்துச்சு."

"இத எங்கிட்ட சொன்னதே இல்லையே!"

"சொன்னா நீ என்னைக் கட்டியிருப்பியா?"

டார்சி வைத்திருந்ததையே மார்லிஸும் வாங்கினாள். ஒவ்வொரு கம்பெனியிலும் பதிவு செய்து அனுமதி வரக் காத்திருக்கவேண்டியிருந்தது. கடவுச்சொல்லை இரண்டுமுறை மறந்தாள். ஒருநாள் காலை அந்தப் பெரிய கம்பெனிக்கு முதல் பில்லை அனுப்பினாள். மதியச் சாப்பாட்டுக்குள் திரும்பி வந்துவிட்டது. திறந்து பார்த்தால், காரணம் ஒரே வரியில் இருந்தது: அலுவலக முகவரி எங்கள் பதிவோடு பொருந்தவில்லை.

மார்லிஸ் போனை எடுத்தாள். இந்தத் தடவை என்ன கேட்கவேண்டும் என்று தெரிந்திருந்தது. எதிர்முனையில் இருந்தவர் பொறுமையாகத் தேடிப்பார்த்தார்.

"உங்க பழைய தெரு முகவரிதாங்க எங்ககிட்ட இருக்கு. முகவரி ஒத்துவராத காயிதத்த இப்பல்லாம் பதியாமலே அங்கதான் திருப்பி அனுப்பிடறாங்க."

பழைய தெருவுக்கு வரும் தபாலைப் புது முகவரிக்குத் தபால் நிலையம் மாற்றி விடும் ஏற்பாடு ஒரு வருடத்தோடு காலாவதியாகியிருந்தது. கேட்டதும் ரோலி தலையில் அடித்துக்கொண்டான். "என் பொழப்பே அது! எனக்குத் தோணலையே!"

முகவரி மாறியது. மறுபடி அனுப்பிய பில்லுக்கு, ஏற்றுக்கொண்டோம் என்று பதில் வந்தது. மார்லிஸ் அந்த வார்த்தையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். தோள்பட்டை இரண்டும் இத்தனை நாள் காதுக்குப் பக்கத்திலேயே இருந்திருக்கிறது, அது கீழே இறங்கியபோதுதான் தெரிந்தது. முறையிட்டுப் பார்த்ததில் பழைய பில்களில் சிலவற்றுக்குப் பணம் கிடைத்தது. சில போனது போனதுதான். பரவாயில்லை என்றிருந்தது.

விலகல் யோசனையைக் கைவிட்ட அன்றே எல்டனைக் கூப்பிட்டாள்.

"நான் உங்க இன்சூரன்ஸை விடல எல்டன். இங்கயேதான் இருக்கேன். அவசரப்பட்டு உங்ககிட்ட சொல்லிட்டேன், மன்னிக்கணும். வேற ஆளப் பாத்துட்டீங்களா?"

அவர் பின்னால் நாய் ஒன்று குரைத்தது.

"போகல. பேரு எழுதின துண்டு லாரியில கிடக்கு."

"ஏன் போகல?"

"திரும்ப மீன் கதையிலேர்ந்து ஆரம்பிக்கணுமே. யாரால முடியும்?"

மார்லிஸ் வாய்விட்டுச் சிரித்தாள். அந்தப் பக்கமும் கரகரவென்று சிரிப்புச் சத்தம்.

செவ்வாய்க்கிழமை அவர் வந்தார். பூட்ஸைத் தட்டிவிட்டு உட்கார்ந்தார். டயரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. லெஸ் அன்று காலை கையுறை மறந்துவிட்டு வந்ததையும், தான் அதற்காக அவனைக் கேலி செய்ததையும் சொன்னார். மார்லிஸ் கேட்டுக்கொண்டிருந்தாள். இந்த மணிநேரத்துக்கு யார் பணம் தருவார்கள் என்ற நினைப்பு ஒருமுறைகூட அவள் காதுக்கும் அவர் குரலுக்கும் நடுவில் வரவில்லை.

அதன்பிறகு துறை மேடையிலிருந்து இன்னும் சிலர் வந்தார்கள். எல்டன்தான் சொல்லி அனுப்பினாரோ என்னவோ, அவளும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. முன்பு படிவம் நிரப்பிய வெள்ளிக்கிழமை மதியங்களில் ரோலியும் அவளும் பனிச்சறுக்குக் கட்டைகளைக் காரில் ஏற்றிக்கொண்டு காட்டுப் பாதைக்குப் போகத் தொடங்கினார்கள். அவன் அடிக்கடி விழுவான். அவள் முன்னால் போய்விட்டு, நின்று, திரும்பிப் பார்ப்பாள்.