குவாட்டர்பேக்கின் படத்துக்கு விழுந்த மாலை

ஹீட்டரில் காயப்போட்ட ஈர ஜாக்கெட்டுகளின் மணம்... ஜெர்மனியின் ஹம் நகரில் எங்கள் விளையாட்டுக் கழக மண்டபத்தை நினைத்தால் அதுதான் முதலில் வருகிறது.

எங்கள் பிள்ளைகள் அமெரிக்கன் ஃபுட்போல் ஆடத் தொடங்கியிருந்த காலம். குவாட்டர்பேக் என்றால், பந்தைக் கையில் வாங்கி, யாருக்கு எறிவது என்று அந்தக் கணத்திலேயே முடிவெடுப்பவன். நானோ பஸ்ஸில் எந்த இருக்கையில் அமர்வது என்பதற்கே யோசிப்பவன்.

கழகத்தின் கௌரவச் சுவரில் ஒரு குவாட்டர்பேக்கின் படத்துக்குத்தான் இடம் இருந்தது; போட்டியில் இருந்தவர்கள் குகனும் நிமலனும். தெரிவுக்குழுவில் தலைவர் சிவம் அண்ணை, கடை வைத்திருந்த ராசன், நான்.

"கப் அடிச்சுத் தந்தது ஆர்? குகன். இதிலை கதைக்க என்ன கிடக்கு?" என்றார் ராசன்.

"தோத்துக்கொண்டே இருந்த காலத்திலை ரீமைக் கலையாமல் வைச்சிருந்தது நிமலன். அவன் இல்லாட்டி உன்ரை குகன் ஆரோடை போய் ஆடியிருப்பான்?" இது சிவம் அண்ணை.

ராசன் மேசையில் அடித்தார். தேநீர் சிந்தியது. சிவம் அண்ணை என் பக்கம் திரும்பினார்.

"மாஸ்டர், நீங்கள் சொல்லுங்கோ."

ஊரில் கணக்குப் படிப்பித்த பழக்கம். இருவர் ஆடியதையும் மனதுக்குள் திரும்பத் திரும்ப எடைபோட்டேன். "நிமலன்," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு முறை சொல்ல வேண்டியிருந்தது.

குகன் கழகத்துக்கு வருவதை நிறுத்தினான். பாதிப் பொடியன்களோடு வேறு கழகம் தொடங்கப் போகிறான் என்று கதை வந்தது. என் ஒரு சொல்லால் கழகம் உடைகிறதோ என்று பயந்தேன்.

படத் திறப்பு விழாவுக்குக் குகன் வந்தான். பின்சுவரில் சாய்ந்து, கை கட்டி நின்றான். யாரும் அவன் பக்கம் போகவில்லை.

சிவம் அண்ணை திரையை இழுத்தார். நிமலனின் படம். அதற்கு மேலே, அவர் ஆசையோடு தன் கையாலேயே போட்ட மல்லிகை மாலை!

நிமலனின் தாய் எழுந்தே விட்டார்.

"ஐயோ! என்ரை பிள்ளை குத்துக்கல்லு மாதிரி நிக்கிறான்... படத்துக்கு ஏன் மாலை போட்டனீங்கள்?"

சிவம் அண்ணையின் வாய் திறந்தபடியே இருந்தது. அப்போது குகன் விறுவிறுவென்று முன்னால் நடந்தான். படத்தைக் கழற்றி எறியப் போகிறான் என்றே நினைத்தேன்.

அவன் மாலையைத்தான் கழற்றினான். திரும்பி, நிமலனின் கழுத்தில் போட்டான்.

"பயப்பிடாதேங்கோ அன்ரி, இப்ப சரி," என்றான். பிறகு எல்லோருக்கும் கேட்க, "ஆனா கப் அடிச்சது நான்தான்!"

நிமலன் அவனைக் கட்டிப்பிடித்தான். மாலை இருவருக்கும் நடுவே நசுங்கியது.

இப்போதும் எங்கள் ஆட்கள் யார் பெரிய குவாட்டர்பேக் என்று சண்டை பிடிக்கிறார்கள்... வாட்ஸ்அப்பில். கோபம் வந்தால் குழுவை விட்டு விலகிவிடுகிறார்கள். பின்சுவரில் சாய்ந்து நிற்க அங்கே இடமில்லை.

குகனைக் கடையில் கண்டால், இன்றும் ஒரே கேள்விதான்.

"மாஸ்டர், எனக்கேன் வோட்டுப் போடேல்லை?"

"யோசிச்சுச் சொல்லுறன், தம்பி."

உண்மையாகவே யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.